புகை போன இடத்தைப் பார்க்கப் போன ஆட்டோக்காரர்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தும் கோட்டின் மேல் நிற்காது, ஞாபகமும் ஓர் இடத்தில் நிற்காது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று அங்கங்கே தடுமாறுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் தடுமாறாமல் சொல்வேன். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், ஏற வந்த சவாரியைப் பார்த்து "ஒனக்கு இன்னா கேடு, நடந்து போ" என்று சொன்ன ஆட்டோக்காரர் ஒருவர்தான் கிடைப்பார். உலகத்திலேயே ஒருவர்தான் என்று எழுத ஆசை. உலகத்தை நான் பார்த்ததில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

சேக்காட்டில் அவரைப் புகை அண்ணாத்தே என்பார்கள். அவர் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அப்படியும் அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. முதலில் கேட்கக் கூச்சம். பிறகு, இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறோமே என்று கூச்சம்.

பெயர் வந்த காரணம் ஊருக்கே தெரியும். அப்போது அவர் வைத்திருந்தது டீசல் ஷேர் ஆட்டோ. வண்டி வருவதற்கு முன்னால் புகை வரும். வண்டி போன பிறகும் புகை நிற்கும். நடுவில் வண்டி எப்போது வந்தது என்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். காலையில் அவர் ஸ்டார்ட் பண்ணினால் எதிர் வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாக இடம் மாறும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனுக்குக் காய் நறுக்கப் போய்க்கொண்டிருந்தேன். தினமும் அவர் வண்டிதான். மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். வாய் திறக்காதவர்கள் காதில் எல்லாம் விழும்.

அவர் மனைவி சரசுவுக்கு இளைப்பு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கத்தும். பூனைக்குட்டி கத்துகிற நாளில் அவளால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவிலேயே ஒரு தடவை உட்கார வேண்டியிருக்கும். டாக்டர், "புகை பக்கமே போகாதே அம்மா" என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த சரசு வண்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"டாக்டரு பொகை ஆவாதுன்ட்டாரு. பொகையவே கட்டிக்கினு நான் எப்டிய்யா வாழறது?"

"இன்னா, என்னிய உட்டுட்டுப் போவப் போறியா?"

"நான் ஏன் போறேன்? நீ போ. போவசொல்ல வண்டியையும் ஓட்டிக்கினு போ."

தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பூனைக்குட்டி கத்துகிற இடத்திலேயே அவர் கண் இருந்தது. அந்த வாரமே டீசல் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கேஸில் ஓடுகிற ஆட்டோ வாங்கினார்.

கேஸ் வண்டியில் புகை கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகம். "கண்ணுக்குத் தெரியற பொகை நேர்மையான பொகை, யக்கா. இது திருட்டுப் பொகை" என்பார். சிக்னலில் வண்டி நின்றால் இறங்கிப் பின்னால் போய், சைலன்சர் பக்கத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பார். ஒரு தடவை டிராஃபிக் போலீஸ்காரர் ஆள் மயங்கி விழுந்துவிட்டார் என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். "ஒண்ணியும் இல்ல சார், மோந்து பாத்தேன்" என்று இவர் எழுந்தார். போலீஸ்காரர் அந்தத் தண்ணீரைத் தானே குடித்தார்.

கடைசியில் பேட்டரி ஆட்டோ வந்தது. வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, அதுதான் விசேஷம். முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. நாய்கள் எதைத் துரத்துவது என்று புரியாமல் நின்றன. ஜனங்கள் மேல் மோதிவிடக் கூடாது என்று அவர் தலையை வெளியே நீட்டி, "வருது, வருது, ஓரம்" என்று வாயாலேயே சத்தம் போட்டுக்கொண்டு ஓட்டினார். மூக்கை எங்கே வைத்து முகர்வது என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினார். அப்படி ஓர் இடமே இல்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைக் கல்யாண மாப்பிள்ளையிடம்கூட நான் பார்த்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. வண்டிக்குப் பொட்டு வைத்தார், மாலை போட்டார், பூசணிக்காய் உடைத்தார். சாம்பிராணியைச் சரசு எடுத்தாள். இவர் பிடுங்கி வைத்தார். ஊதுபத்தியும் கூடாது, கற்பூரமும் கூடாது.

"கற்பூரம் காட்டாத வண்டி வெளங்குமாய்யா? சாமி இன்னா நெனைக்கும்?"

"சாமிக்கும் நெஞ்சு கீது இல்ல? அது கமுறாதா?"

சொல்லிவிட்டு, செல்போன் லைட்டைப் போட்டு வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினார். பிறகு எங்கள் பக்கம் நீட்டினார். பழக்க தோஷம், நாங்களும் வரிசையாக அந்த வெளிச்சத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

சரசுவின் பூனைக்குட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தலைக் குறைத்தது. புகை அண்ணாத்தே தரையில் கால் பாவாமல் திரிந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் லோகு வாயைத் திறந்தான். லோகுவும் ஷேர் ஆட்டோதான் ஓட்டினான், ஆனால் டீசல். டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டான்.

"அண்ணாத்தே, பொகையே இல்ல, பொகையே இல்லன்னு பீத்திக்கினு கீறியே, கரண்டு எங்கேர்ந்து வருது?"

"பிளக்குலேர்ந்து."

"பிளக்குக்கு?"

அண்ணாத்தே டீக்கடைச் சுவரில் இருந்த பிளக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"கரி கொளுத்தித்தான் மாமே கரண்டு எடுக்கறான். ஒன் வண்டிக்கு சைலன்சர் இல்லன்னு யாரு சொன்னது? கீது. கம்பியா நீட்டிக்கினு போயி, கடலாண்ட நிக்குது. நீ இங்க ஓட்டற, அது அங்க பொகையுது."

கையில் இருந்த டீயைக் குடிக்காமல் வைத்தார். தலையைத் தூக்கி, டீக்கடைக்கு மேலே போகிற கம்பியைப் பார்த்தார். அது எங்கே போகிறதோ அங்கே வரைக்கும் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

வேறு யாராக இருந்தாலும் லோகுவை இரண்டு வார்த்தை திட்டிவிட்டுச் சவாரிக்குப் போயிருப்பார்கள். இவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் துடைத்து, கம்பி போகிற வழியே போய் முடிவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். சரசு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "யக்கா, நீயும் வாக்கா. இந்தாள் மேல பாத்துக்கினு ஓட்டும். கீழ பாக்க ரெண்டு பேராச்சும் வோணும்." முடியாது என்று சொல்ல எனக்கு எப்போதுமே வாய் வராது. போய் ஏறினேன்.

எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து கம்பம், கம்பத்திலிருந்து தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து பெரிய கரண்டு ஆபீஸ். அதன் கேட்டுக்குள்ளே ஆயிரம் வண்டு சேர்ந்து ரீங்காரம் செய்கிற மாதிரி ஒரு சத்தம். அண்ணாத்தே வாட்ச்மேனிடம் போனார்.

"நைனா, எங்க ஊட்டுக்கு வர்ற கரண்டு இங்க எங்கேர்ந்து வருது?"

"பில்லு கட்டலயா?"

"கட்டிட்டேனே."

"அப்பால இன்னாத்துக்கு இதெல்லாம் ஒனக்கு?"

அதற்கு அப்பால் கம்பியைத் தாங்குகிற பெரிய பெரிய இரும்புக் கோபுரங்கள். அவை ரோட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஏரி வந்தால் ஏரிக்குள்ளேயே இறங்கி நடந்தன. நாங்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கரையில் அவற்றைப் பிடித்தோம். அண்ணாத்தே கழுத்தை வெளியே நீட்டி மேலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "ரோட்டப் பாருய்யா! கம்பி எங்கியும் ஓடிடாது!" என்று சரசு வழி நெடுகக் கத்தினாள். ஓரிடத்தில் நாலா பக்கமிருந்தும் கம்பிகள் வந்து சேர்ந்தன. அண்ணாத்தே வண்டியை நிறுத்திவிட்டார்.

"இதுல எதுடி நம்பளுது?"

"பேரு எயுதி ஒட்டி வெச்சிருப்பான், எறங்கிப் போயி படி."

கேட்டுக் கேட்டு, மத்தியானத்துக்குக் கடலோரம் போய்ச் சேர்ந்தோம். அந்த இடத்தின் பெயர் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முதலில் புகைப்போக்கி தெரிந்தது. போகப் போக அது கிட்டே வரவில்லை, உயரமாகத்தான் ஆனது. அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தோம். கோயில் கோபுரத்துக்கு முன்னால் நிற்கும்போது கை தானாகக் குவியுமே, அப்படி என் கை பாதி குவிந்துவிட்டது, பிறகு வெட்கப்பட்டுக் கீழே விட்டேன். அதன் உச்சியிலிருந்து புகை அவசரமே இல்லாமல் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

அண்ணாத்தே கண்ணை இறக்காமல், "சைலன்சர் பெருசாத்தான் கீது" என்றார்.

திரும்பலாம் என்று சாவியைத் திருப்பினார். வண்டி நகரவில்லை. சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிற இடத்தின் காலடியில், எங்கள் வண்டிக்குச் சொட்டுக் கரண்டு இல்லை. சரசு சிரித்த சிரிப்பில் பூனைக்குட்டியே முழித்துக்கொண்டது.

தள்ளிக்கொண்டு போனோம். பக்கத்துக் குடியிருப்பில் இட்லி மாவு அரைத்து விற்கிற ஒரு அம்மாள் இருந்தாள். கிரைண்டருக்காகப் பெரிய பிளக் போட்டு வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தி வயரைப் பிடுங்கினாள். "மாவு அப்பால அரைச்சிக்கலாம். வண்டி மொதல்ல துன்னட்டும்" என்றாள்.

வண்டி தின்று முடிக்கும்வரை அவள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. மாவுப் பாத்திரத்துக்கு இரட்டைத் துணி கட்டியிருந்தாள். "வெளிய காயப்போட்டா மறுக்காவும் தோய்க்கணும்மா. அவ்ளோ சாம்பல்" என்றாள். சொல்லும்போதே நின்று மூச்சு வாங்கினாள். அவள் நெஞ்சுக்குள்ளேயும் ஒரு பூனைக்குட்டி.

சரசு சட்டென்று பையிலிருந்து தன் இன்ஹேலரை எடுத்தாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து தன்னுடையதை எடுத்துக் காட்டினாள். இரண்டும் ஒரே மாதிரி. இரண்டு பேரும் ஒரு சேர உறிஞ்சினார்கள். அண்ணாத்தே அந்த இரண்டு பேரையும் பார்த்தார். பிளக்கில் மாட்டியிருந்த தன் வண்டியின் வயரைப் பார்த்தார். எழுந்து போய் அதைப் பிடுங்கினார்.

"இன்னாண்ணா, ரொம்பிடுச்சா?"

"போதும்மா. ஒங்க மூச்ச இயுத்துக்கினு போவ எனக்கு மனசு வரல."

"அட, நீ போடலன்னா அது நின்னுடுமா? குந்துண்ணா. மாட்டு" என்று அந்த அம்மாளே மறுபடி மாட்டினாள்.

ஊருக்கு வந்து வண்டியை மூடி நிறுத்தினார். சாவியை ஆணியில் மாட்டினார். சவாரிக்குப் போகவில்லை. நான் லோகுவின் வண்டியில் இருமிக்கொண்டே வேலைக்குப் போனேன். லோகு ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். "ரெண்டும் பொகைதான்னு ஆயிப்போச்சில்ல? என் டீசல் வண்டிய எட்துக்கோ, பேட்டரிய எனுக்குக் குடு. டீசல்ல கூட்டம் சாஸ்தி ஏத்தலாம்." இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அன்றைக்குச் சுவர் வழியாகக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"அந்தம்மா நெஞ்சுக்காக டீசல மறுக்கா ஊட்டாண்ட கொணாந்து நிறுத்துவியா? அப்ப என் நெஞ்சு?"

"ஒன் நெஞ்சுக்காக அவங்க நெஞ்ச வாங்கலாமா சரசு? நீயே சொல்லு."

அந்தப் பக்கம் சரசு இன்ஹேலரை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

லோகுவின் வண்டியில் என்னோடு ஓர் இன்ஜினியர் பெண் வருவாள். எஸ்டேட்டில் ஏதோ கம்பெனி. முன்பின் பழகாத ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசியது அன்றுதான். அண்ணாத்தே கதையைச் சொன்னேன், வார்த்தை கோர்வையாக வரவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள். சாயங்காலம் எங்கள் தெருவுக்கே வந்து, அண்ணாத்தே எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், ரெண்டும் ஒண்ணுன்னு லோகு அண்ணன் சொன்னது தப்பு. அதே தூரத்துக்கு டீசல் வண்டி விடற புகையைவிட இதுக்கு உண்டான புகை கம்மிதான். கரண்டு முழுக்கக் கரியில வரதும் இல்ல. பகல்ல சூரிய கரண்டு சேருது, காத்து காலத்துல காத்தாடி கரண்டு சேருது."

"அப்ப பொகையே இல்லன்றியா?"

"இல்லன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. பேட்டரி செய்யவே எங்கயோ மண்ணைத் தோண்டணும். கம்மி, அவ்வளவுதான்."

"கம்மிய இன்னும் கம்மி பண்ண முடியுமா பாப்பா?"

"ஓட்டறதைக் குறைச்சா குறையும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொன்னாள். அவளுக்கு இந்த மனுஷனைத் தெரியாது.

மறுநாள் பேட்டரி வண்டிச் சாவி ஆணியிலிருந்து இறங்கியது. அன்றிலிருந்துதான் அவர் சவாரியை நடக்கச் சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஜிம்முக்குப் போக ஒரு வாலிபன் ஏறினான். "அங்க போயி இன்னா பண்ணுவ?" "ஓடுவேன் அண்ணாத்தே. மிஷின் மேல." "அங்க போயி ஓடறதுக்கு இங்க எதுக்குக் குந்திக்கினு வர்ற? எறங்கு. இங்கேர்ந்தே ஓடு." அடுத்த நாள் அதே பையன் நொண்டிக்கொண்டே வந்தான். இவர் பதறிப்போய் கையைப் பிடித்து ஏற்றினார். இறங்கும்போது அவன் வேறு காலை நொண்டினான். அண்ணாத்தே அவனைத் திரும்ப ஏற்றி, ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து விட முதலில் கிளம்பினார். கரண்டு வீணாகுமே என்று ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்திக் கும்பிட்டு அனுப்பினார்.

குத்தம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒருவர் பெட்டியோடு வந்து நின்றால், "ஒரு ஆளுக்காக அவ்ளோ தூரமா?" என்று தெருத்தெருவாகக் கூவி, அந்தப் பக்கம் போகிறவர்களைச் சேர்த்துக்கொண்டுதான் கிளம்புவார். அப்படிச் சேர்ந்து போனதில், பல வருஷமாகப் பேசாமல் இருந்த ஒரு அண்ணன் தம்பி ஒட்டி உட்கார்ந்து போக வேண்டியதாயிற்று. போய் இறங்கும்போதும் பேசவில்லையாம். ஆனால் ஒருவர் பெட்டியை ஒருவர் பிடித்திருந்தாராம்.

வெயில் உச்சிக்கு வந்தால் வண்டி ஓடாது. சூரிய கரண்டு வருகிற நேரம் என்று பிளக்கில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். யார் கூப்பிட்டாலும், "துன்னுகினு கீது" என்று பதில் வரும். மேகம் போட்டால் வானத்தைப் பார்த்துத் திட்டுவார்.

"சவாரிய எறக்கி உடற ஆட்டோவ நான் எங்கியும் பாத்ததில்ல மாமே. ஒன் பொயப்பு ஊத்திக்கப் போவுது" என்றான் லோகு. ஊற்றிக்கொள்ளவில்லை. மெலிந்தது, அவ்வளவுதான். நடக்கிறவர்களை எல்லாம் இறக்கிவிட்ட வண்டியில் நடக்க முடியாதவர்களுக்கு எப்போதும் இடம் இருந்தது. மாவுக்கட்டுக் காலோடு ஒருவர், நிறைமாசக்காரி, தள்ளாதவர்கள், பக்கத்தில் சரசு. மூலையில் நான். எனக்கு முட்டி வலி உண்மையாகவே உண்டு, நடிக்கவில்லை.

வாரம் தவறாமல் அந்த மாவுக்கார அம்மாளுக்குப் போன் போடுவார். "மூச்சு எப்டி கீதும்மா? நான் இப்ப கம்மியாத்தான் ஓட்டறேன்." அந்தப் பக்கம் பேசுவது தெருவுக்கே கேட்கும். "நல்லா கீறேண்ணா. போனுக்கும் இங்கேர்ந்துதான் கரண்டு வருது, வெய்யி." இவர் பயந்துபோய் உடனே வைத்துவிடுவார். அவள் விளையாடுகிறாள் என்று சரசு எத்தனை தடவை சொல்லியும் இவர் தலையில் ஏறவில்லை. அதனால் அவள் வீட்டு மேலே புகை வருவது நின்றுவிடவில்லை. அது இவருக்கும் தெரியும். தெரிந்தும் தன் பங்கைக் கிள்ளிக் கிள்ளிக் குறைத்துக்கொண்டே இருந்தார். ஒரு மனுஷனுக்கு இது எப்படித் தோன்றும் என்று நான் காய் நறுக்குகிற கையை நிறுத்திவிட்டு நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நான் சேக்காட்டை விட்டு நசரத்பேட்டையில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை. மார்க்கெட்டுக்குப் போகச் சரசு வழக்கம்போல முன்னால் உட்கார்ந்திருந்தாள். வண்டி நிறைய நாங்கள். தெரு நடுவில், "நிறுத்துய்யா" என்றாள்.

"இன்னா, மருந்து உட்டுட்டியா?"

"இல்ல. இன்னிக்கு லேசா கீது. நடந்து பாக்கறேன்."

"ஒனக்கு இன்னாத்துக்குடி? ஒனக்குத்தான் எடம் கீதே!"

அவள் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். அவர் வண்டியை அவள் பக்கத்திலேயே மெதுவாக உருட்டினார். "கூட வராத. கரண்டு வேஸ்டு" என்று அவள் திரும்பாமலே சொன்னாள். அவர் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். கட்டுப் போட்டவர், நிறைமாசக்காரி, நான், எல்லாரையும் நடுரோட்டில் அப்படியே விட்டுவிட்டு, அவளுக்கு நாலடி பின்னால் அவள் மூச்சுப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு நடந்தார். எதையோ கேட்கப் போகிறவர் மாதிரி, எதுவும் கேட்டுவிடக் கூடாது என்கிறவர் மாதிரி. எங்களுக்குப் பின்னால் வந்த லோகு ஒரு தடவை ஹாரன் அடித்தான். பிறகு பார்த்தான். இன்ஜினையே நிறுத்திவிட்டான். நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

கரண்டு விவரம், ஏரி எந்த ஏரி, எது முன்னால் எது பின்னால் என்பதையெல்லாம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள். தெருக்கோடி வரைக்கும் சரசு எங்கேயும் நிற்காமல், உட்காராமல் நடந்துபோனாள் என்பதை மட்டும் திருத்த வேண்டாம். பின்னாலேயே போனவரையும் அப்படியே விட்டுவிடுங்கள்.